மூன்றாம் தரம் எங்கே போயிற்று?

பழைய நூல்களையும் சிற்றிதழ்த் தொகுதிகளையும் இணைய ஏலத்தில் தேடி வாங்கும் நண்பர்களிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. ஏலம் முடியும்வரை வாய் திறவாமல் பதுங்கியிருந்து, கடிகாரம் நிற்பதற்கு மூன்று நொடி முன்பு விலை கூறிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவன் யோக்கியனா, அயோக்கியனா என்பதே அவ்வழக்கு. ஒரு சாரார் அவனை வழிப்பறிக்காரன் என்கின்றனர். ஐந்து நாள் விழித்திருந்து விலை ஏற்றியவன் வாயில் மண்ணைப் போட்டவன் என்கின்றனர். மறுசாரார், சந்தையில் கண்ணீருக்கு மதிப்பில்லை, விதிக்கு உட்பட்டு வென்றவனை வைவது தோற்றவன் வழக்கம் என்று சிரிக்கின்றனர்.

இரு கட்சியாரும் சேர்ந்தே ஒரு பிழையைச் செய்கிறார்கள் என்பது நம் துணிபு. இருவருமே ஏலம் கேட்பவனின் குணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஏலத்தை நடத்துகிறவன் வகுத்த விதியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாசலைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே வந்த நாயின் ஒழுக்கத்தை ஆராய்வது போன்றது இது. கடைசி நொடியில் கேட்பவன் திருடனுமல்லன், வீரனுமல்லன். கடிகாரத்தால் முடியும் ஏலத்தில் அறிவுள்ள எவனும் செய்வதையே அவன் செய்கிறான். குற்றம் அவனுடையதன்று, கடிகாரத்துக்குத் தீர்ப்புக் கூறும் அதிகாரத்தைக் கொடுத்த விதியினுடையது. அவ்விதி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள் இன்னதென்று நாம் இன்னும் உணரவில்லை. அது எடுத்துக்கொண்டது மூன்றாம் தரத்தை.

*

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்குப் பாராமல் அறம் பேசுவது தமிழாசிரியர்களின் குலத்தொழில் என்ற பழி நம் மீது ஏற்கெனவே உண்டு.

இணைய ஏலக்கூடங்களில் மிகப் பெரிதாய் வளர்ந்த ஈபே 1995 செப்டம்பரில் தோன்றியது. அதன் விதி இரண்டு தூண்களின் மேல் நிற்பது. ஏலம் முடியும் நேரம் முன்கூட்டியே நொடிக் கணக்கில் குறிக்கப்பட்டது, அது எக்காரணத்தாலும் நீளாது என்பது ஒன்று. கேட்பவர் தம் மேலெல்லையைப் பதிந்துவிட்டால் போதும், எதிராளியை முந்துவதற்குத் தேவையான அளவு மட்டும் இயந்திரமே அவருக்காக விலையை ஏற்றிக்கொண்டு போகும் என்பது மற்றொன்று. ஒரு தொகுதிக்கு ஒருவர் 3,000 ரூபாயும் மற்றொருவர் 2,400 ரூபாயும் எல்லையாகப் பதிந்திருந்தால், முன்னவர் 2,400க்குச் சற்று மேலான விலையில் பெறுவார். மூவாயிரமும் போகாது. பாஸி என்ற இந்திய நிறுவனத்தை 2004இல் வாங்கி ஈபே நம் நாட்டுக்குள் வந்தது. 2018 ஆகஸ்டில் அந்த இந்தியக் கூடம் மூடப்பட்டது. கூடம் போயிற்று, அது கற்பித்த பழக்கம் போகவில்லை. நாணயம், அஞ்சல்தலை, பழைய புத்தகம் விற்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் 'இரவு 9 மணிக்கு ஏலம் முடியும்' என்ற ஒற்றை வரியே சட்டம். அங்கே நிலைமை இன்னும் விபரீதம். செய்தியின் அருகில் தெரிவது மணியும் நிமிடமும் மட்டுமே, நொடி தெரியாது. ஒருவர் கைப்பேசியில் முந்தி வந்த செய்தி இன்னொருவர் கைப்பேசியில் பிந்தி நிற்கும். இருவரும் 'நானே கடைசி' என்பார்கள். குழுத் தலைவர் தமக்கு வேண்டியவர் பக்கம் சாய்ந்தாலும் கேட்பாரில்லை.

இந்த இடத்தில் பொருளாதாரம் படித்த நண்பர்கள் ஓர் அறிவுரை கூறுவார்கள்: 'உனக்கு அப்பொருள் எவ்வளவு பெறும் என்று முடிவு செய், அதையே எல்லையாகப் பதி, போய்த் தூங்கு. எவன் எப்போது வந்தால் உனக்கென்ன?' இவ்வறிவுரையின் வேர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. மூடிய உறையில் எல்லோரும் விலை எழுதித் தந்து, அதிகம் எழுதியவர் வென்று, இரண்டாவது பெரிய விலையை மட்டும் கொடுக்கும் ஏலத்தில், உள்ள மதிப்பை உள்ளபடி எழுதுவதே சிறந்த தந்திரம் என்று அவர் நிறுவினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அவர் கணக்கில் பிழையில்லை. அஞ்சல்தலை வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதே முறையில் தபால்வழி ஏலம் நடத்தியிருக்கிறார்கள் என்பதும் பின்னால் ஆராய்ந்து கூறப்பட்டது.

ஆனால் விக்ரியின் உறை மூடியது. இணைய ஏலத்தின் உறையோ பாதி திறந்தது. நீங்கள் பதிந்த எல்லை தெரியாது, நீங்கள் பதிந்தீர்கள் என்பது தெரியும். ஏறிய விலையும் தெரியும். இங்கேதான் 'பதிந்துவிட்டுத் தூங்கு' என்ற உபதேசம் உடைகிறது. பழைய புத்தகத்தின் மதிப்பு உலகறிந்த ஒன்றன்று. அட்டை கிழிந்த ஒரு தொகுதி முதற்பதிப்பா, இடையில் இதழ் விடுபட்டிருக்கிறதா, அதில் பின்னாளில் நூலாக்கம் பெறாத கதை ஏதும் உண்டா என்பதெல்லாம் பத்துப் பேருக்குத்தான் தெரியும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முதல் நாளே விலை கூறினால், அவர் கூறியதே மற்றவர்க்குச் சான்றிதழாகிவிடுகிறது. 'அவரே கேட்கிறார் என்றால் அதில் சரக்கு இருக்கிறது' என்று அதுவரை ஏறெடுத்தும் பாராதவர்கள் வந்து குவிகிறார்கள். முப்பது ஆண்டு வாசிப்பால் பெற்ற அறிவை இலவசமாக விநியோகித்துவிட்டு அதற்கான தண்டத்தையும் அவரே கட்ட வேண்டும். ஆகவே அவர் பேசாமலிருக்கிறார். பேச வேண்டிய நேரம் கடைசி நொடி என்று விதி அவருக்குச் சொல்லித்தந்திருக்கிறது.

இது நம் ஊகம் மட்டுமன்று. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஈபே கடிகாரத்தால் முடிந்தது. அதே காலத்தில் அமேசான் நடத்திய ஏலமோ, கடைசிப் பத்து நிமிடத்தில் எவரேனும் விலை கூறினால் தானாக நீண்டது. பத்து நிமிடம் எவரும் பேசாதிருந்தால்தான் முடிந்தது. கடைசி நிமிட மோதல் அமேசானைவிட ஈபேயில் மிகுதி என்று அவர்கள் கண்டார்கள். ஈபேக்குள்ளேயே பார்த்தால் கணினிப் பொருள்களைவிடப் பழம்பொருள்களுக்கு அது மிகுதி. மனித குணம் இரு கூடத்திலும் ஒன்றுதான், விதிதான் வேறு. அயோக்கியர்கள் எல்லோரும் ஈபேக்கும் யோக்கியர்கள் எல்லோரும் அமேசானுக்கும் போனார்கள் என்று எவரேனும் வாதிட விரும்பினால் அவரோடு நமக்குப் பேச்சில்லை.

*

இனி மூன்றாம் தரத்துக்கு வருவோம்.

'ஏலம்' என்ற சொல்லே நமதன்று. போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' கரையிறங்கி மலையாளத்தில் 'லேலம்' ஆகி, தமிழில் முதலெழுத்தை உதிர்த்து 'ஏலம்' ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியும் அதற்கு அப்படியே வேர் காட்டுகிறது. சொல் கடன் வாங்கியது. ஆனால் அதன் முடிவுக்கு நாம் வைத்துக்கொண்ட வாய்பாடு தமிழ். 'ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!' ஊர்ப் புளியமரத்துக் காய்ப்பு ஏலமானாலும், ஏரி மீன் ஏலமானாலும், கோயில் கடை ஏலமானாலும் இந்த வாய்பாட்டைக் கேட்டு வளராத தமிழன் இல்லை. கேட்டிருக்கிறோமே ஒழிய, அது ஒரு சட்டம் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

ஏலம் கூறுகிறவர் முதல் தரம் கூறும்போது கூட்டத்துக்கு எச்சரிக்கை தருகிறார். இரண்டாம் தரத்தில் தயங்குகிறவன் முகத்தைப் பார்க்கிறார். மூன்றாம் தரத்துக்கு முன் எவனாவது ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டால் முன் கூறிய இரண்டு தரமும் செல்லாது. மறுபடி 'ஒரு தரம்' என்று தொடங்கியாக வேண்டும். அதாவது, கடைசி நொடி என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் மறுமொழி கூற எதிராளிக்கு அவகாசம் உண்டு. எல்லோரும் வாயடைத்துப் போனபின்தான் ஏலம் முடியும். மௌனம்தான் முடிவு, மணியன்று. அமேசான் பொறியாளர்கள் பத்து நிமிட நீட்டிப்பு என்று வகுத்தது வேறொன்றுமன்று, நம் ஊர்த் தண்டோராக்காரர் அறிந்திருந்த மூன்றாம் தரமே.

கடிகார ஏலமும் புதியதன்று, அதன் நோயும் புதியதன்று. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் ஓர் அங்குல மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, அது அணையும் கணத்துக்குமுன் கடைசியாகக் கூறியவனுக்குப் பொருள் என்று ஏலம் விட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டுச் சரக்குகளை இலண்டனில் விற்ற ஏலங்களிலும் இம்முறை இருந்தது. சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் 1662 செப்டம்பரில் ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். கப்பல் ஏலமொன்றில் ஒருவன் மட்டும் எப்போதும் சரியான கணத்தில் கூவினானாம். விசாரித்ததில், சுடர் அணைவதற்குச் சற்று முன்பு புகை கீழ்நோக்கி இறங்கும், அதைப் பார்த்துக் கூவுவேன் என்றானாம். முந்நூற்று அறுபது ஆண்டுக்கு முன் புகையைப் பார்த்தவன். இன்று அவன் பேரன் மென்பொருளை ஏவிவிட்டுப் படுத்திருக்கிறான். ஆயினும் மெழுகுவத்திக்கு ஒரு நற்குணம் இருந்தது: எப்போது அணையும் என்று பெரும்பாலோர்க்குத் தெரியாது. இணையக் கடிகாரத்துக்கு அந்த அடக்கமும் இல்லை.

*

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையடிவாரத்தில் ஏற்காடு சாலையையொட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்துகொண்டு, சுற்றிலும் ஏலத்தாலேயே உயிர்வாழும் ஊர்களைப் பார்க்கிறோம். திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்திக்கும் மஞ்சளுக்கும் ஏலம். பரமத்திவேலூர்ப் பக்கம் பிலிக்கல்பாளையத்தில் வெல்லத்துக்கென்றே ஏலச் சந்தை. சேலத்தில் சவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் சேகோசர்வ். தெருவுக்கு ஒன்றாக ஏலச்சீட்டு. இவர்கள் ஒருவரும் கடிகாரத்தை நம்பி மோசம்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பருத்திக்கு மறைமுக ஏலம். வியாபாரி மூட்டையைப் பார்த்துத் தன் விலையைச் சீட்டில் எழுதித் தருகிறான். அடுத்தவன் எழுதியது இவனுக்குத் தெரியாது. எல்லாச் சீட்டும் வந்தபின் பிரிக்கப்படும். முதல் நிமிடத்தில் எழுதினாலும் கடைசி நிமிடத்தில் எழுதினாலும் ஒன்றே. 1981இல் பதிவு பெற்ற சேகோசர்வும், இடைத்தரகர் பிடியிலிருந்து ஆலைக்காரர்களை மீட்கவென்று தோன்றியபோது, இரகசிய ஒப்பந்தப்புள்ளியையே தன் முறையாகக் கொண்டது. 2023இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடிய நாம், அந்தச் சவ்வரிசி எப்படி விலை பெறுகிறது என்பதைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதினோமா?

மாட்டுச் சந்தையைப் பற்றி மட்டும் நிறைய எழுதினோம். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் படம்பிடிக்காத பயணக்கட்டுரை இல்லை. மரபு என்றும் மௌனமொழி என்றும் நெகிழாத எழுத்தாளர் இல்லை. துண்டு எதற்கு? சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்கு. நான் இந்த மாட்டை எவ்வளவு மதிக்கிறேன் என்பது என் அறிவு, அது ஊருக்குப் பொதுச்சொத்தன்று என்பதற்கு. கடைசி நொடியில் கேட்பவனும் தன் விலைமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். துண்டைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் இவனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பானேன்?

ஏலச்சீட்டின் சட்டம் இன்னும் சுவையானது. அதிகம் தள்ளி எடுப்பவருக்குச் சீட்டு. ஆனால் தள்ளக்கூடிய உச்ச அளவை ஒருவருக்கு மேற்பட்டோர் கூறிவிட்டால், யார் முந்திக் கூறினார் என்று 1982ஆம் ஆண்டின் சீட்டுநிதிச் சட்டம் பார்ப்பதில்லை. குலுக்கிப் போட்டு எடு என்கிறது. வேகத்துக்குப் பரிசு கொடுப்பதைவிட அதிர்ஷ்டத்துக்குக் கொடுப்பது மேல் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வேகம் எப்போதும் அருகில் இருப்பவனுக்கும் ஆளை வைத்திருப்பவனுக்கும் சொந்தம். குலுக்கலில் அந்த ஓரவஞ்சனை இல்லை.

வேகத்துக்குப் பரிசு கொடுத்த நாடு பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2008 ஜனவரியில் அலைக்கற்றை 'முதலில் வருபவருக்கே' என்று வழங்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது, அந்தக் கொள்கையிலேயே தற்செயலுக்கு இடம்கொடுக்கும் அடிப்படைக் குறை இருப்பதாகக் கூறியது. குற்ற வழக்கில் 2017இல் அனைவரும் விடுதலையானார்கள் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். நாம் பேசுவது ஆளைப் பற்றியன்று, விதியைப் பற்றி. 'முதலில் வருபவருக்கே' என்பதும் 'கடைசியில் வருபவருக்கே' என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் பொருளின் மதிப்பை அறிந்தவன் தோற்கிறான். கடிகாரத்தின் அருகில் நின்றவன் வெல்கிறான். 2010இல் 3ஜி அலைக்கற்றையை விற்றபோதோ 34 நாளில் 183 சுற்று நடந்தது. ஏறத்தாழ 67,719 கோடி ரூபாய் வந்தது. அவ்வகை ஏலத்தில் ஆரம்பச் சுற்றுகளில் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் குதிக்க முடியாது. சுற்றுதோறும் பங்கேற்காதவன் கேட்கும் தகுதியை இழப்பான். இத்தகைய விதிகளை அமெரிக்க அலைக்கற்றைக்காக வகுத்துத் தந்த மில்குரோம், வில்சன் இருவரும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அவ்வளவு உயரத்துக்கும் போக வேண்டாம். கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி இணைய ஏலத்தில் விற்கும் அறிவிப்பு வாரந்தோறும் நாளிதழில் வருகிறதே, அதைப் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: கடைசி நேரத்தில் விலை கூறப்பட்டால் ஏலம் ஐந்து நிமிடம் நீளும், எத்தனை முறையானாலும் நீளும். வங்கிக்கு மூன்றாம் தரம் தெரியும். தன் பணம் என்றால் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்துவிடுகிறது. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் அலமாரியை விற்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

*

மறதியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? இங்கேதான் இரு கட்சியாரின் பார்வையும் பழுதுபடுகிறது. வென்றவன், தோற்றவன் இருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விற்றவன் ஒருவன் இருப்பதை நினைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நண்பர் நால்வரும் சேர்ந்து, ஒரு சிற்றிதழின் கட்டுத் தொகுதியை எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஏலம் கேட்டோம். ஏலக்கூடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஐவரும் சம்பளக்காரர்கள். 1,100 ரூபாய்வரை என்று பேசிப் பதிந்தோம். மேலே போனால் கூடிப் பேசி ஆளுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு 2,500வரை போகலாம் என்பது ஏற்பாடு. முடிவுக்கு நான்கு நொடி இருக்கையில் யாரோ வந்து 1,150க்குக் கொண்டுபோனார். அவர்மேல் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐந்து நிமிட அவகாசம் இருந்திருந்தால் எங்கள் வட்டம் ஏற்றியிருக்கும். அவருடைய எல்லை எங்களுடையதைவிடக் குறைவென்றால், அந்த எல்லையைத் தாண்டிய விலைக்கு நாங்கள் வாங்கியிருப்போம். அதிகமென்றால் எங்களை 2,500வரை இழுத்து அவர் வாங்கியிருப்பார். எப்படியாயினும் விற்றவர் கையில் கூடுதலாகத்தான் வந்திருக்கும். தகப்பனார் சேர்த்துவைத்த இதழ்களைக் குடும்பத் தேவைக்காக விற்ற மகனிடமிருந்து, நான்கு நொடியில், ஒருவர் பையிலும் போகாமல் ஆவியாகவும் ஆகாமல், அந்த வித்தியாசம் வாங்கியவர் பக்கம் நகர்ந்துவிட்டது.

'முதலிலேயே 2,500 என்று பதிந்திருக்கலாமே' என்பார்கள். தனியொருவன் பதியலாம். கூட்டாக வாங்குவோர்க்கு மேலெல்லை என்பது ஒரே மூச்சில் பிறப்பதில்லை. ஒருவர் வீட்டில் கேட்க வேண்டும். ஒருவர் மாதக் கடைசி என்பார். இன்னொரு ஆள் இந்த விலைக்குக் கேட்கிறார் என்று தெரிந்தால்தான் நால்வருக்கும் நம்பிக்கை வரும். ஊர் நூலகமாகட்டும், வாசகர் வட்டமாகட்டும், சிறு கல்லூரியின் தமிழ்த்துறையாகட்டும், கலந்து பேசி முடிவெடுக்கும் எந்த அமைப்பும் நொடியில் விடை கூறாது. கடைசி நொடி ஏலம் கூட்டத்தைத் தண்டிக்கிறது. தனிக்காட்டு ராஜாவுக்கு முடிசூட்டுகிறது. அதிலும், மலையில் மழை பிடித்தால் அடிவாரத்தில் இணையம் படுத்துவிடும் எங்கள் ஊர்க்காரனுக்கும், மாநகரத்தில் மென்பொருள் வைத்துக் கேட்பவனுக்கும் நொடி என்பது ஒரே நீளமுடையதன்று.

இனி எதிர்வாதங்கள். நீட்டிக்கொண்டே போனால் ஏலம் முடியுமா என்று கேட்கிறார்கள். வங்கி ஏலம் முடிகிறது, புளியமரத்து ஏலம் முடிகிறது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒருவன் பணம் ஏற்றியாக வேண்டும். பணம் முடிகிற இடத்தில் ஏலமும் முடியும். விற்கிறவன் சம்மதித்துத்தானே விதியை ஏற்றான் என்கிறார்கள். கூடத்தில் இருப்பது ஒரே விதி. அதில் சம்மதம் எங்கே வந்தது? கிடைக்காத நாற்காலியை வேண்டாம் என்றவனாகவா அவனைக் கணக்கில் எழுதுவது?

மூன்றாவது வாதம் வலுவானது, அதற்கு மதிப்புக் கொடுத்தே மறுமொழி கூற வேண்டும். அவகாசம் கொடுத்தால் அறிவுள்ளவனின் அறிவு மறுபடி வெளியாகிவிடுமே, அவன் கேட்டதைப் பார்த்து வசதியுள்ளவன் ஏற்றிவிடுவானே என்பது அது. உண்மை. நீட்டிப்பு எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆகவேதான் நம் வட்டாரத்துச் சீட்டை நினைவூட்டினோம். பலரும் மதிப்பறிந்த பொருளுக்குத் திறந்த ஏலமும் மூன்றாம் தரமும் பொருந்தும். சிலரே மதிப்பறிந்த அரிய பொருளுக்கு மறைமுக ஏலம் பொருந்தும். வென்றவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும் என்று விக்ரியின் திருத்தத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். மறைமுக ஏலத்திலும் வியாபாரிகள் சிண்டிகேட் போட்டுக்கொள்வதுண்டு என்பதை இவ்வட்டாரத்து உழவர்கள் நன்கறிவர். அதற்கு மருந்து கேட்போர் எண்ணிக்கையைக் கூட்டுவது. கடிகாரம் அந்த நோய்க்கும் மருந்தாகப் போவதில்லை.

*

இறுதியாக இலக்கிய வாசகர்க்கு ஒன்று. 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. 'மணிக்கொடி' 1933இல் தோன்றியது. இவற்றின் இதழ்களை வைத்திருந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் அலமாரிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் திரட்டியதைச் சிகாகோ பல்கலைக்கழகம் சிதையாமல் மொத்தமாக வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. இன்று அதில் ஆராயாத ஆய்வாளர் அரிது. அத்திரட்டு இதழ் இதழாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு நள்ளிரவில் நான்கு நொடியில் விற்கப்பட்டிருந்தால், எங்கெங்கோ உள்ள பூட்டிய கண்ணாடிப் பெட்டிகளுக்கு அழகு சேர்த்திருக்கும். தமிழுக்கு என்ன சேர்ந்திருக்கும்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. பழம் நூலை விற்பவர், பிரித்து ஏலம்விடுமுன் ஒரு நூலகத்தை ஒரு முறை கேட்கட்டும். ஏலம்தான் வழியென்றால், நடத்துகிறவர் கடைசிக் கேள்விக்குப்பின் ஐந்து நிமிடமேனும் காத்திருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவானால் இவ்விதியை ஒரே வரியில் எழுதிவிடலாம், செலவு ஒன்றுமில்லை. பொருள் அரியதானால், ஊரறிந்த ஒருவரிடம் மூடிய சீட்டாக விலைகளைப் பெற்று எல்லோர் முன்னும் பிரிக்கட்டும்.

அதுவரை கடைசி நொடியில் கேட்பவனை வைவதை நிறுத்துவோம். அவனைப் புகழ்வதையும் நிறுத்துவோம். விதி மாறினால் அவன் தானே மாறுவான். நாளைக்கே முதல் தரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். வைய வேண்டிய ஒருவர் உண்டென்றால், மூன்று தரம் கூறத் தெரிந்த மொழியைப் பேசிக்கொண்டே, மணி அடித்ததும் கதவைச் சாத்துகிற ஏலக்காரர் அவர். அடுத்த முறை நம் நண்பர் எவரேனும் 'இரவு 9 மணிக்கு முடியும்' என்று அறிவித்தால், அவரிடம் கேளுங்கள்: ஐயா, ஒரு தரம் கூறினீர்கள், மற்ற இரண்டு தரம் எங்கே?